அருவியில் கரைந்த படம்

ஆச்சிக்குக் குற்றாலம் என்றால் உயிர். சாரல் தொடங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவாள். அவள் போய்ப் பத்து வருஷம் ஆன நினைவில், போன சாரலுக்குக் குடும்பமாகக் கிளம்பினோம். எல்லோரும் நெஞ்சில் ஆச்சியின் படம் போட்ட பனியன் அணிந்து ஐந்தருவியில் நிற்க வேண்டும் என்பது சித்தி மகனின் யோசனை. பனியனில் படம் ஒட்டித் தரும் கடை ஒன்றில் சொன்னோம். பெரியவர்களுக்கு வெள்ளைப் பருத்திப் பனியன். சின்னப் பிள்ளைகளின் அளவில் பருத்தி கிடைக்காததால் அவர்களுக்கு விளையாட்டு ஜெர்சி. பெரிய அத்தான் மட்டும் கறுப்புதான் வேண்டும் என்றார். ஜெர்சிகளையும் கறுப்புப் பனியனையும் கடைக்காரரே மிஷினில் வைத்து முடித்துவிட்டார். வெள்ளைப் பனியன்களுக்கு நேரமில்லை. படம் அச்சடித்த தாள்களைக் கையில் கொடுத்து, “வீட்டுல அயர்ன் பாக்ஸால தேய்ச்சு ஒட்டிக்கோங்க, தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். இரவு பதினோரு மணிவரை தேய்த்தோம்.

மறுநாள் ஐந்தருவியில் கால் மணி நேரம் நின்றிருப்போம். வெளியே வந்து பார்த்தால், சித்தியின் பனியனில் ஆச்சியின் நீலச் சேலை கரைந்து வயிறுவரை இறங்கியிருந்தது. சித்தி கண் கலங்கிவிட்டார். பிள்ளைகளின் ஜெர்சியில் ஆச்சி அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தானின் கறுப்புப் பனியனிலும் நிறம் அசையவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பி நாலைந்து சலவை முடிவதற்குள் படத்தின் மூலை தூக்கிக்கொண்டு, பழைய சுவரொட்டி போல உரியத் தொடங்கியது.

ஒரே படம், ஒரே அருவி, மூன்று விதமான முடிவு. காரணம் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தக் கடைக்கே போய்க் கேட்டேன். கடைக்காரர் பொறுமையாக மூன்று பிரிண்டர்களைக் காட்டினார். மூன்றிலும் வேறு வேறு மை, வேறு வேறு தாள். நாங்கள்தான் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தோம். அன்றிலிருந்து படித்ததும் வீட்டில் செய்து பார்த்ததும் சேர்ந்து எனக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கின. படம் தண்ணீரைத் தாங்குமா என்று கேட்பதைவிட, அந்தப் படத்தின் நிறம் துணியில் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

வெள்ளைப் பனியனில் இருந்து தொடங்குகிறேன். அதற்குக் கொடுத்த தாளைக் கடைகளில் டிரான்ஸ்ஃபர் பேப்பர் என்கிறார்கள். பார்வைக்குத் தடித்த வெள்ளைத் தாள். உண்மையில் அது ஓர் அடுக்கு வேலை. அடியில் சாதாரணத் தாள். அதன்மேல், ஒட்டியதை எளிதில் விட்டுவிடும் சிலிகோன் போன்ற வழுக்கும் பூச்சு. அதற்குமேல், சூட்டில் உருகிப் பசையாகும் பிளாஸ்டிக் படலம். பாலிஎத்திலீன், பாலியமைடு, பாலியூரித்தேன் வகைகளில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, மையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் நுண்துளைப் பூச்சு. பிரிண்டர் இந்த மேல்பூச்சில் படத்தை இடவலம் மாற்றி அச்சிடுகிறது. தாளைத் துணிமீது கவிழ்த்துச் சூடாக்கினால் பிளாஸ்டிக் உருகி நூலிழைகளுக்குள் இறங்குகிறது. அடித்தாளை உரித்தால் படம் துணியில் நிற்கிறது.

கவிழ்த்து ஒட்டும்போது அடுக்குகளின் வரிசையும் தலைகீழாகிறது. தாளில் மேலே இருந்த மை, துணியில் கீழே போய்விடுகிறது. கீழே இருந்த பிளாஸ்டிக் இப்போது மைக்குக் கூரை. வெள்ளைத் துணிக்கான தாளில் நிறத்தின் வீடு இதுதான்: மேலே பிளாஸ்டிக் கூரை, கீழே பருத்தித் தரை, இரண்டுக்கும் இடையில் மை. கூரை நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் தரை வழியாக வந்தது.

அதற்கு முன், மையே ஏன் கரைந்தது என்று பார்த்துவிடலாம். வீட்டு இன்க்ஜெட் பிரிண்டர்களின் மையில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரில் நிறத்தைச் சேர்க்க இரண்டு வழி உண்டு. சர்க்கரையைப் போல மூலக்கூறு மூலக்கூறாகக் கரைத்துவிடலாம்; அது சாயம். அல்லது நுண்ணிய திடத் துகள்களாக மிதக்கவிடலாம், அது நிறமி. நிறமித் துகள் ஒன்றின் அளவு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். கண்ணுக்கு இரண்டு மையும் ஒன்றுபோலத்தான் தெரியும். தண்ணீருக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

ஆச்சியின் நீலச் சேலை இதற்கு நல்ல உதாரணம். 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் இருந்த ஒரு சாயத் தொழிற்சாலையில், ஒரு கலனின் உட்பூச்சில் விரிசல் விழுந்து, உள்ளிருந்த ரசாயனம் வெளிச்சுவரின் இரும்போடு சேர்ந்தது. அசைக்க முடியாத ஒரு நீலப் பொருள் படிந்தது. பாட்ரிக் லின்ஸ்டெட் என்ற வேதியியலாளர் 1930களில் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். தாலோசயனின் என்று அதற்குப் பெயர். இரும்புக்குப் பதில் நடுவில் செம்பு அமர்ந்த வகைதான் இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் நீலங்களில் ஒன்று. நிறமி மையின் நீலம் அதுவே, தண்ணீரில் கரையாது. சாய மையின் நீலமும் பெரும்பாலும் அதே மூலக்கூறுதான். ஆனால் அதன் விளிம்பில் சல்போனேட் என்ற மின்னேற்றமுள்ள தொகுதிகளை ஒட்டவைத்திருப்பார்கள். தண்ணீர் மூலக்கூறுகள் அந்தத் தொகுதிகளைச் சூழ்ந்து பிடித்துக்கொண்டு நீலத்தைக் கரைசலுக்குள் இழுத்துப்போகும். பிரிண்டரின் நுண்துளைகள் அடைபடாமல் மை ஓடுவதற்காகச் சேர்த்த அதே தொகுதி, அருவியில் சேலையைக் கரைத்தது. சித்தியின் பனியனில் அச்சாகியிருந்தது சாய மை. அத்தானின் பனியனில் இருந்தது நிறமி மை.

டிரான்ஸ்ஃபர் தாள் செய்கிறவர்களுக்கு இது தெரியாததல்ல. சாய மூலக்கூறு எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால் தாளின் மேல்பூச்சில் நேர்மின்னேற்றமுள்ள பாலிமரைக் கலந்து வைக்கிறார்கள். மை வந்து விழுந்ததும் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. கரையும் சாயம், கரையாத உப்பாக மாறிப் பூச்சிலேயே தங்கிவிடுகிறது.

இந்த உபாயம் நம் கடற்கரைக்குப் பழையது. இம்பூரல் என்ற சிறு செடியின் வேர்தான் சாயவேர். மன்னார், யாழ்ப்பாணம், ராமேஸ்வரம் பக்கத்து மணலில் அதைத் தோண்டி எடுத்தார்கள். வேரின் சிவப்பு மட்டும் பருத்தியில் நிற்காது, அலசினால் போய்விடும். முதலில் துணியில் படிகாரக் கரைசலால் கோலமிட்டு, பிறகு சாயவேர்க் கஷாயத்தில் கொதிக்கவைத்தால், படிகாரத்தின் அலுமினியமும் வேரின் சிவப்பும் இழைக்குள்ளேயே பிணைந்து கரையாத பொருளாகிவிடும். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் அச்சுத்துணிகளை வாங்கிய ஐரோப்பியர்கள், துவைத்தாலும் போகாத அந்த நிறத்தைக் கண்டுதான் வியந்தார்கள். கரைவதை உள்ளே அனுப்பு, உள்ளே போனதும் கரையாததாக மாற்று என்பதுதான் சூத்திரம். டிரான்ஸ்ஃபர் தாளின் பூச்சு அதைத்தான் திரும்பச் செய்கிறது. ஆனால் சாயவேர் இழைக்குள் போய் வேரூன்றியது. தாளின் சாயமோ ஒரு மெல்லிய பூச்சுக்குள் மட்டும் நிற்கிறது. பிடித்துக்கொள்ளும் இடங்கள் நிரம்பிவிட்டால், மிஞ்சிய சாயம் சும்மா கிடக்கும். அடர்ந்த நீலம், அடர்ந்த சிவப்பு உள்ள பகுதிகள் முதலில் கசிவது அதனால்தான். ஆச்சியின் முகத்தைவிடச் சேலை முன்னதாகக் கரைந்ததும் அதனால்தான்.

சாயம் போவதே அழகு என்று கொண்டாடிய காலமும் உண்டு. 1960களில் அமெரிக்க இளைஞர்கள் மெட்ராஸ் கட்டம்போட்ட சட்டையை அது துவைக்கத் துவைக்க வெளுத்துக் கலங்குகிறது என்பதற்காகவே தேடி வாங்கினார்கள். கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தால் அழகுதான். முகம் கலங்கினால் அழகில்லை.

இப்போது தரை வழியாக வந்த தண்ணீருக்கு வருவோம். நன்றாக உருகி ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தின்மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரையிலையில் உருள்வதுபோல ஓடாது. ஆனாலும் பரவாமல் குவிந்து நிற்கும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அறிவியலில் இதைப் பரப்பு இழுவிசை என்பார்கள். தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். பாலிஎத்திலீன் போன்ற பரப்பு தன்பக்கம் இழுக்கும் ஆற்றலோ அந்த அலகில் சுமார் 31தான். அதனால் தண்ணீர் படலத்தில் பரவுவதைவிடத் தன்னுள் சுருண்டுகொள்வதையே விரும்புகிறது. வெறும் தண்ணீர் மேலிருந்து கூரையை எளிதில் துளைக்காது. சோப்பு கலந்தால் நிலை மாறும். சோப்புக் கரைசலின் இழுவிசை 30 அளவுக்கு இறங்கிவிடும். சொட்டு படுத்துப் பரவி, கண்ணுக்குத் தெரியாத கீறல்களுக்குள்ளும் நுழையும். வெறும் தண்ணீரில் நனைத்துப் பார்த்துவிட்டு இது தாங்கும் என்று சொல்வது அரை உண்மை என்பது இதனால்தான்.

எங்களுக்கு நடந்ததில் சோப்புக்கு வேலையே இல்லை. பருத்தியே போதுமானதாக இருந்தது. பருத்தி கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். அதன் சங்கிலி நெடுகத் தண்ணீரோடு கைகோத்துக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகள். சாதாரணக் காற்றில் இருக்கும்போதே 100 கிராம் பருத்தி 7, 8 கிராம் ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும்; அதே காற்றில் பாலியஸ்டர் வைத்திருப்பது அரை கிராமுக்கும் குறைவு. பருத்தியின் ஒரு ஓரம் நனைந்தால் போதும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நூலிடுக்குகளின் வழியாகத் தண்ணீர் ஊர்ந்து படத்தின் அடிக்குப் போய்விடும். கழுத்திலும் தோளிலும் விழுந்த அருவி படத்துக்குப் பின்பக்கமாகத்தான் வந்து சேர்ந்தது. அங்கே மை காத்திருந்தது. உருகிய பிளாஸ்டிக் மையின் வழியே கீழிறங்கி இழைகளைச் சுற்றி மூடியிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். எங்கள் பனியனில் அப்படி மூடவில்லை.

ஏன் மூடவில்லை? நாங்கள் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்ததுதான் காரணம். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பனியன் துணி சதுர மீட்டருக்கு 160 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஏ4 தாளின் பரப்பில் சுமார் 10 கிராம் துணி இருக்கும். அதற்குள் கையால் தொட்டு உணர முடியாத 0.8 கிராம் தண்ணீர். அந்த 10 கிராம் பருத்தியை அறையின் சூட்டில் இருந்து 180 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 2 கிலோஜூல் வெப்பம் போதும். அதற்குள் இருக்கும் முக்கால் கிராம் சொச்சம் தண்ணீரை ஆவியாக்கவோ கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம் தேவை. நாம் கொடுக்கும் சூட்டில் பாதியைத் துணியின் ஈரமே தின்றுவிடுகிறது. அதோடு முடியவில்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் சுமார் 1.7 லிட்டர் இடம் கேட்கும். நம் 0.8 கிராமில் இருந்து 1.3 லிட்டர் நீராவி. ஒரு பெரிய தண்ணீர்ப் பாட்டில் அளவு நீராவி, உருகும் பிளாஸ்டிக்குக்குக் கீழே இருந்து வெளியேற வழி தேடுகிறது. வழி கிடைக்காத இடத்தில் குமிழியாக நிற்கும். அந்தக் குமிழிகள் ஆறும்போது நுண்துளைகளாகின்றன. சாரல் காலத்துக் காற்றில் பருத்தியின் ஈரம் இன்னும் கூடுதல். நாங்கள் தேய்த்த இரவில் வெளியே தூறிக்கொண்டிருந்தது.

தொழில் தெரிந்தவர்கள் தாளை வைப்பதற்கு முன்னால் வெறும் துணியைச் சூடாக்கி அழுத்தும் மிஷினான ஹீட் பிரஸ்ஸில் ஐந்தாறு நொடி அழுத்தி எடுப்பார்கள். சுருக்கம் போக்குவதற்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஈரத்தை விரட்டுவதுதான் முதல் நோக்கம்.

அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. உருகிய பிளாஸ்டிக் தண்ணீர் போல ஓடாது, தேன்போலக் குழைந்து நகரும். அதை நூலுக்குள் தள்ள விசை வேண்டும். டிரான்ஸ்ஃபர் தாள்களுக்குப் பொதுவாகக் கேட்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு. அதாவது சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 2.8 கிலோ. ஒருவர் 15 கிலோ எடையைக் கொடுத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாலும், அதன் அடிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால் கிடைப்பது சதுர சென்டிமீட்டருக்கு 75, 80 கிராம்தான். முப்பது மடங்குக்கும் மேல் குறைவு. போதாததற்குப் பெட்டியை நகர்த்திக்கொண்டே இருப்பதால் ஓர் இடத்துக்குக் கிடைக்கும் சூடும் துண்டு துண்டாகத்தான் போகும். நீராவித் துளைகள் உள்ள பெட்டியாக இருந்தால் அந்தத் துளைகளுக்குக் கீழே சூடும் இல்லை, அழுத்தமும் இல்லை. இஸ்திரிப் பெட்டியால் ஒட்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கெட்டியான மேசை, நீராவி இல்லாத பெட்டி, ஓரிடத்தில் நிறுத்தி அழுத்தும் பொறுமை இருந்தால் ஓரளவு ஒட்டும். மெத்தையில் போர்வை விரித்துத் தேய்த்தால் நிச்சயமாக ஒட்டாது. நாங்கள் தேய்த்தது மெத்தையில்தான்.

இன்னொன்றும் செய்தோம். அச்சடித்த தாளைக் காயவிடவில்லை. இன்க்ஜெட் மையில், பிரிண்டரின் நுண்துளை அடைபடாமல் இருக்கக் கிளிசரின், கிளைக்கால் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். இவை தண்ணீர் போல உடனே ஆவியாகாது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் குணமும் உண்டு. படம் கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் பூச்சுக்குள் ஈரப் பிசுபிசுப்பு இருக்கும். மையை நன்றாக உலரவிட்டு ஒட்டுவதும், ஒட்டியபின் ஒரு நாள் நனைக்காமல் வைப்பதும் சம்பிரதாயம் அல்ல. உருகிய பிளாஸ்டிக் ஆறிய பிறகும் அதன் சங்கிலிகள் மெல்ல மெல்ல ஒழுங்குபட்டு இறுகிக்கொண்டிருக்கும். நாங்கள் இரவு ஒட்டி விடிகாலையில் அருவிக்குப் போனோம்.

அத்தானின் கறுப்புப் பனியனுக்கு வேறு கதை. சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளைத் துணிக்கான தாளில் படத்தின் வெள்ளை எல்லாம் துணியின் வெள்ளையே. கறுப்புத் துணியில் அது நடக்காது. அதனால் கறுப்புக்கான தாளில் டைட்டானியம் டைஆக்சைடு கலந்த, ஒளிபுகாத வெள்ளைப் படலம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். படத்தை நேராகவே அச்சிட்டு, படலத்தை அடித்தாளில் இருந்து உரித்து, முகம் மேலே பார்க்கத் துணியில் வைத்து அழுத்துவார்கள். இங்கே வரிசை தலைகீழாவதில்லை. மைக்குக் கூரை கிடையாது; நிறம் மொட்டைமாடியில் நிற்கிறது. சாய மை என்றால் முதல் நனைப்பிலேயே போயிருக்கும். நிறமி மை, அதிலும் பிசின் சேர்ந்த நிறமி மை என்பதால் கரையவில்லை.

ஆனால் படலம் தடிமனானது. தடித்த படலமும் பின்னிய துணியும் ஈரத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நனைந்தால் பருத்தி இழை குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். பிளாஸ்டிக் இரண்டுக்கும் அசையாது. ஒவ்வொரு சலவையிலும் இந்த இழுபறி ஒட்டின இடத்தில்தான் நடக்கிறது. புதுப் பனியன் துணி முதல் ஓரிரண்டு சலவையில் நீளத்தில் 5 சதவீதம், சில சமயம் அதற்கும் மேலே சுருங்கக்கூடும். 30 சென்டிமீட்டர் உயரப் படத்துக்கு அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் துணி காணாமல் போகிறது என்று பொருள். படம் சுருக்கம் விழுந்து மேடு தட்டும். மேடு தட்டிய இடத்தில் உராய்ந்து வெடிக்கும். ஒட்டுவதற்கு முன்பே துணியை ஒருமுறை அலசிக் காயவைத்துவிட்டால் இந்த இழுப்பில் பெரும்பகுதி கழிந்துவிடும். மூலைகளில் இழுவிசை குவிவதால் கூரான மூலைதான் முதலில் தூக்கும். வெட்டும்போது மூலைகளை வளைவாக வெட்டினாலே படத்தின் ஆயுள் கூடும். அத்தானின் படம் நான்கு கூர்மூலைகள் கொண்ட செவ்வகம்.

பாலியூரித்தேன் படலங்களுக்கு இன்னொரு பகையும் உண்டு. அலமாரியில் வைத்தே இருந்த ரெக்சின் கைப்பை சில வருஷம் கழித்துப் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அதை நனைக்கவில்லை. காற்றின் ஈரமே சங்கிலியில் உள்ள எஸ்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடுகிறது. நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தது இதைத்தான். சூடும் ஈரமும் சேர்ந்த நம் கடற்கரை ஊர்களில் இது வேகமாக நடக்கும். ஈத்தர் வகைப் பாலியூரித்தேன் இதைத் தாங்கும். இன்று திருப்பூரிலும் சிறு ஊர்க் கடைகளிலும் பரவியிருக்கும் டிடிஎஃப் முறையில், பாலியஸ்டர் படலத்தில் நிறமி மையும் வெள்ளை மையும் அச்சிட்டு, மேலே பாலியூரித்தேன் தூளைத் தூவி உருக்கி, பிறகு துணியில் அழுத்துகிறார்கள். இந்தப் படலம் பனியனோடு சேர்ந்து நீளும் தன்மை உள்ளது; படம் உள்ள இடத்தில் மட்டும் ஒட்டும், சுற்றி வெற்றுப் படலம் இருக்காது. கறுப்புத் துணிக்குப் பழைய தாளைவிட இதுவே மேல் என்பது என் முடிவு.

பிள்ளைகளின் பாலியஸ்டர் ஜெர்சியில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே பசையும் இல்லை, படலமும் இல்லை. தடவிப் பார்த்தால் படம் இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒன்றுபோல இருக்கும். அதில் பயன்படுவது சிதறல் சாயம் என்ற வகை. தண்ணீரில் மிக மிகக் கொஞ்சமாகவே கரையும். மையில் நுண்துகளாக மிதக்கும். தாளில் அச்சிட்டுத் துணியோடு சேர்த்து 180 முதல் 210 டிகிரிவரை சூடாக்கினால், கற்பூரம் போல உருகாமலே ஆவியாகிவிடும். கடைகளில் இதைச் சப்ளிமேஷன் என்கிறார்கள், தமிழில் பதங்கமாதல். அதே சூட்டில் பாலியஸ்டரின் சங்கிலிகளும் தளர்ந்து இடைவெளி விடுகின்றன. சாய ஆவி அந்த இடைவெளிகளில் புகுகிறது. துணி ஆறியதும் சங்கிலிகள் இறுகி வாசல் மூடிக்கொள்கிறது. நிறம் இழைக்குள்ளேயே பூட்டப்படுகிறது.

பாலியஸ்டர் இழையை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கினார்கள். ஆவியாகும் சாயத்தைத் தாளில் இருந்து துணிக்கு மாற்றும் முறைக்கு 1957இல் வழிகாட்டியவர் பிரான்ஸின் நோயல் தெ பிளாஸ். இந்தப் பூட்டு எவ்வளவு பலமானது என்பதற்குச் சாயப்பட்டறையே சாட்சி. பாலியஸ்டரைச் சாயத்தொட்டியில் நனைத்து நிறமேற்ற, கொதிநீரின் 100 டிகிரியே போதாது; அழுத்தக் கலனில் தண்ணீரை 130 டிகிரிவரை ஏற்றுகிறார்கள். உள்ளே போவதற்கே அவ்வளவு சூடு தேவைப்பட்ட நிறத்தை ஐந்தருவியின் குளிர்ந்த தண்ணீர் எப்படி வெளியே எடுக்கும்? அந்த ஜெர்சிகளை இப்போதும் வாரம் ஒருமுறை பிள்ளைகள் போட்டுக்கொள்கிறார்கள். வெயிலில் மெல்ல வெளுக்கலாம். அதிகச் சூட்டில் இஸ்திரி போட்டால் சாயம் மீண்டும் ஆவியாகிப் பக்கத்தில் ஒட்டும். தண்ணீரால் மட்டும் எதுவும் ஆகாது.

ஜெர்சிக்குப் பயன்பட்ட இதே தாளைப் பருத்தியில் வைத்து அழுத்தினால் மங்கலாகப் படம் விழும், முதல் சலவையில் போய்விடும். பருத்திக்குள் அந்தச் சாயத்துக்கு வீடு கிடையாது. பருத்தியோடு உண்மையிலேயே வேதிப்பிணைப்பு கொள்ளும் வினைபடு சாயங்கள் 1956 முதல் சந்தையில் இருக்கின்றன; திருப்பூர்ப் பனியன்களின் நிறம் பெரும்பாலும் அதுவே. காரம், நேரம், பலமுறை அலசல் என்று பட்டறை வேலை கேட்பவை அவை. அரை நிமிடத்தில் படம் ஒட்டித் தரும் கடையில் அதற்கு இடமில்லை.

ஏற்றுமதித் தொழிலில் சாயம் தாங்குமா என்று வாய்வார்த்தையில் விடமாட்டார்கள். அமெரிக்க முறையான ஏஏடிசிசி 61இன் ஒரு சோதனையில், துணித்துண்டை 49 டிகிரி சோப்புநீரில் 50 எஃகுக் குண்டுகளோடு போட்டு 45 நிமிடம் உருட்டுகிறார்கள். அது வீட்டில் ஐந்து முறை துவைப்பதற்குச் சமம் என்பது கணக்கு. பிறகு நிறம் எவ்வளவு போனது, பக்கத்தில் வைத்த வெள்ளைத் துணியில் எவ்வளவு ஏறியது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறார்கள். 5 என்றால் மாற்றமே இல்லை. துவைகல்லில் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, உச்சி வெயிலில் காயப்போடும் நம் பழக்கத்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. படம் போட்ட பனியனுக்கு நம் வீட்டுச் சலவைதான் கடுமையான சோதனை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, படத்தின் அடர்ந்த நிறப் பகுதியில் பத்து முறை தேயுங்கள். பிறகு பனியனை உட்புறம் திருப்பி, படத்தின் பின்பக்கத்திலும் அப்படியே செய்யுங்கள். பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பனியன் கரைந்தது அங்கிருந்துதான். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தப் பனியனை மற்றத் துணிகளோடு ஊறப்போடாதீர்கள். ஏறாவிட்டாலும் துவைக்கும்போது உட்புறம் திருப்பி, குளிர்ந்த நீரில் கையால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். சுடுநீர் பிளாஸ்டிக்கை இளக்கும், சாயம் வெளியேறும் வேகத்தையும் கூட்டும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம். அது நிறமூலக்கூறையே உடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இன்க்ஜெட்டுக்கான டிரான்ஸ்ஃபர் தாளை லேசர் பிரிண்டரில் வைத்துவிடாதீர்கள். லேசர் பிரிண்டருக்குள் தாள் 180 டிகிரிக்கு மேல் சூடான உருளையைக் கடக்கிறது. பூச்சு அங்கேயே உருகி உருளையைச் சுற்றிக்கொள்ளும், மிஷின் வீணாகும். லேசருக்கென்று தனித் தாள் உண்டு. லேசரின் டோனர் தூளே பிளாஸ்டிக் என்பதால் அந்தப் படம் தண்ணீரில் கரைவதுமில்லை.

இறந்தவர்களின் படத்தையும் பிள்ளைகளின் படத்தையும் துணியில் போட்டுக்கொள்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கடைக்குப் போனால் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். துணி பருத்தியா, பாலியஸ்டரா என்று கேளுங்கள். மை சாயமா, நிறமியா என்று கேளுங்கள். பருத்தி என்றால் நிறமி மையில் அச்சிட்டு, ஹீட் பிரஸ்ஸில் அவரையே ஒட்டித் தரச் சொல்லுங்கள். வாங்கிய பனியனை ஒரு நாள் முழுக்க நனைக்காமல் வைத்திருங்கள்.